டீச்சரம்மாவும் ஜிடிஐயும்

(மலேசியாவில் தாப்பா. ஞாயிறு மாலை. வாசலில் பழைய வெள்ளைக் காடி, அதாவது கார், நிற்கிறது. போன வாரத்திலிருந்து நிற்பது ஒன்றுதான் அதன் வேலை. மாணிக்கம் செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவர். சரோஜா மலைமேல் இருக்கும் ரிங்லெட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மேசை முழுக்கத் திருத்த வேண்டிய கட்டுரைப் புத்தகங்கள். சரோஜா கையில் சிவப்புப் பேனா, மாணிக்கம் கையில் கைப்பேசி.)

மாணிக்கம்: சரோ, இதைக் கொஞ்சம் பாரேன். வாங்கச் சொல்லவில்லை. சும்மா பார்.

சரோஜா: இப்படிச் சும்மா காட்டிய மீன் தொட்டி இன்னும் பின்கட்டில் காய்ந்து கிடக்கிறது. என்ன அது?

மாணிக்கம்: புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காடி! சிவப்பு. ரெக்காரோ சீட். 1.8 எஞ்சின், 140 குதிரைக்குக் கிட்டே. அஞ்சு கியர் மேனுவல்.

சரோஜா: எந்த வருடம்?

மாணிக்கம்: அந்தக் காலத்து இரும்பு சரோ. இப்போது வருவதெல்லாம் விரலால் அழுத்தினாலே...

சரோஜா: வருடம் கேட்டேன்.

மாணிக்கம்: 2001.

சரோஜா: நம் பையனைவிட மூத்தது. அவனிடம் அதை "அண்ணன்" என்று கூப்பிடச் சொல்லுங்கள்.

மாணிக்கம்: பின்பக்கம் என்ன ஒட்டியிருக்கிறது பார். "ஹேண்ட்லிங் பை லோட்டஸ்." வளைவில் காடி பிடித்து ஓடுவது லோட்டஸ் கைவண்ணம் என்று அர்த்தம். 1996-இல் நம் நாட்டுப் புரோட்டோன் அந்த இங்கிலாந்துக் கம்பெனியையே வாங்கிவிட்டது, தெரியுமா? என் தாத்தா வெள்ளைக்காரன் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவினார். அதே வெள்ளைக்காரனுடைய பந்தயக் காடிக் கம்பெனியை நம் நாடு வாங்கியது என்றால் சும்மாவா?

சரோஜா: 2017-இல் அதை விற்றும் ஆயிற்று. நீங்கள்தான் இன்னும் ரசீதை வைத்துக்கொண்டு சுற்றுகிறீர்கள்.

மாணிக்கம்: உன்னிடம் சொல்லி என்ன? ஓட்டுகிற சுகம் உனக்கு எங்கே தெரியப் போகிறது?

(சரோஜா பேனாவை மூடி வைக்கிறார். இந்த வீட்டில் அது நல்ல அறிகுறி அல்ல.)

சரோஜா: தினமும் இருட்டோடு எழுந்து ரிங்லெட்டுக்கு ஏறுவது யார்?

மாணிக்கம்: நீ.

சரோஜா: லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ஒரு வளைவு. முட்டைக்கோஸ் லோரி தண்ணீர் சொட்டச் சொட்ட நடுக்கோட்டில் இறங்கி வரும். அப்போது ரெண்டாம் கியருக்கு இறக்கி, மலைப்பக்கம் ஒட்டி, அது போனதும் கிளட்சை விட்டு ஒரே மூச்சில் மேலே ஏற்றுவது யார்?

மாணிக்கம்: நீதான். ஆனால்...

சரோஜா: நீங்கள் கடைசியாக மலைக்கு வந்தது எப்போது?

மாணிக்கம்: தீபாவளி கழித்து. ஸ்ட்ராபெரி பார்க்க.

சரோஜா: அன்று நீங்கள் ஸ்ட்ராபெரியே பார்க்கவில்லை. பின் சீட்டில் கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தீர்கள். ஹேண்ட்லிங் பை நான்.

மாணிக்கம்: அன்று காலையில் சாப்பிட்ட ரொட்டி சானாய் சரியில்லை.

சரோஜா: சரி, விடுங்கள். விற்பவரிடம் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டீர்களா?

மாணிக்கம்: கேட்டேனே! அது முந்தைய முதலாளிக்குத்தான் தெரியுமாம்.

சரோஜா: முந்தைய முதலாளி?

மாணிக்கம்: அவருக்கு முந்தையவரைக் கேட்கச் சொல்கிறார்.

சரோஜா: ஓடும்போது பெல்ட் அறுந்தால்?

மாணிக்கம்: (முகம் மலர்ந்து) அறுந்தால் வால்வு மூடாது. பிஸ்டன் மேலே வந்து அடிக்கும், வால்வு வளைந்துவிடும். ஹெட்டையே கழற்ற வேண்டும். நானும் காடி பழுது பார்க்கிற போர்மன் அண்ணனும் உட்கார்ந்தால் ரெண்டு சனிக்கிழமை. கேஸ்கெட் ஈப்போவில் கிடைக்கும். வால்வை ஒவ்வொன்றாகத் தேய்த்து...

சரோஜா: பேரன் பிறந்த மாதிரி அல்லவா சொல்கிறீர்கள்!

மாணிக்கம்: கேட்டாய், சொன்னேன்.

சரோஜா: உங்களுக்கு ஓட்டுகிற சுகம் வேண்டாம். கழற்றுகிற சுகம்தான் வேண்டும். ஒரு சனிக்கிழமையாவது நீங்கள் வீட்டில் இருந்திருக்கிறீர்களா? காலையில் போர்மன் கடை, ஒரு தே தாரிக், ஒரு ஸ்பேனர். மதியம் கறுப்புக் கையோடு வந்து சோறு கேட்பீர்கள். கெட்டுப் போகாத காடி வாங்கினால் எங்கே போவோம் என்பதுதான் உங்கள் பயம்.

(மாணிக்கம் கைப்பேசியைத் துடைக்கிறார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது.)

மாணிக்கம்: ஜிடிஐயில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம் பையனிடம் இருப்பது டிஏ லைசென்ஸ், ஆட்டோமேட்டிக் கியர் காடி மட்டும்தான் ஓட்டலாம். இதைத் தொடவே முடியாது. பெட்ரோல் நான் ஊற்றுகிற இடத்திலேயே இருக்கும்.

சரோஜா: (கொஞ்சம் யோசித்து) இன்று நீங்கள் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றுதான். ரோட் டேக்ஸ் பார்த்தீர்களா?

மாணிக்கம்: அது என்ன பெரிய காசு...

சரோஜா: அந்த எஞ்சின் 1834 சிசி. 1800-ஐத் தாண்டினால் 280 வெள்ளி, மேலே ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. ஆக 297 வெள்ளி. பெயர் மாற்றுவதற்கு முன்னால் புஸ்பாகோம் மாதிரி ஒரு வாகனப் பரிசோதனை நிலையத்துக்கும் கொண்டுபோக வேண்டும். அது வரைக்கும் அந்தக் காடி தானாக ஓடிப் போகுமா?

மாணிக்கம்: இழுத்துப் போக டோ லோரி எதற்கு இருக்கிறது?

சரோஜா: அதையே வாங்கிவிடுவோம். அதுதான் தினமும் ஓடுகிறது.

மாணிக்கம்: நீ சுற்றி வளைத்து எங்கே வருவாய் என்று தெரியும். பெரோடுவா மைவி காடி! கோயில் வாசலில் மைவி, கல்யாண மண்டபத்தில் மைவி, சந்தையில் மைவி. எது நம்முடையது என்று பிளேட்டைப் படித்துத்தான் ஏற வேண்டும்.

சரோஜா: அதனால்தான் கேட்கிறேன். 2005-லிருந்து ஓடுகிறது. ஸ்பேர்பார்ட் தாப்பாவில் இல்லையென்றால் பீடோரில் கிடைக்கும். எந்தப் போர்மனும் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

மாணிக்கம்: இப்போது வருகிற மைவி எல்லாம் சிவிடி. கையால் மாற்றுகிற கியர் கிடையாது. ரெண்டு கப்பிக்கு நடுவே ஒரு பெல்ட் ஏறி இறங்கும், அவ்வளவுதான். மிதித்தால் முதலில் சத்தம் வரும், அப்புறம்தான் காடி வரும். அதிலா மலை ஏறப் போகிறாய்?

சரோஜா: அது எனக்கும் பிடிக்கவில்லை. வளைவுக்கு முன்னால் கியர் என் கையில் இருக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் பாதி மலையில் புகை நாற்றம் வரும். அதனால்தான் 2018 மைவி. 1.3. மேனுவல்.

மாணிக்கம்: மேனுவல் மைவியா?

சரோஜா: 2017 கடைசியில் வந்த மூன்றாவது மைவியில் 1.3-க்கு மேனுவலும் கொடுத்தார்கள். பீடோரில் ஒன்று நிற்கிறது. ஒரே முதலாளி, ரிடையரான தலைமையாசிரியர். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. ரோட் டேக்ஸ் 70 வெள்ளி. நேற்று ஓட்டியும் பார்த்தேன்.

மாணிக்கம்: நேற்றா? நான் எங்கே இருந்தேன்?

சரோஜா: சனிக்கிழமை எங்கே இருப்பீர்கள்?

மாணிக்கம்: (விடாமல்) டைமிங் பெல்ட் கேட்டாயா?

சரோஜா: அதில் பெல்ட்டே இல்லை. செயின்.

(நீண்ட மௌனம். கடைசித் துருப்பும் போனது போல் தெரிகிறது. ஆனால் மாணிக்கத்திடம் இன்னொன்று இருக்கிறது.)

மாணிக்கம்: எதை வாங்கினாலும் என் பெயரில்தான் வாங்க வேண்டும். இன்சூரன்ஸில் கிளெய்ம் போடாததற்குக் கொடுக்கிற தள்ளுபடி, அந்த என்சிடி, 55 விழுக்காடு என் பெயரில் இருக்கிறது. உன் பெயருக்கு மாற்ற முடியாது. பெயர் என்னுடையது என்றால் முடிவும் என்னுடையது.

சரோஜா: அந்த 55 எப்படி வந்தது? இத்தனை வருடம் அந்த மலையில் நான் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினேன், அதனால் வந்தது. நீங்கள் ஓட்டியது கோயில் வரைக்கும். அங்கேயும் தூணில் இடித்தீர்கள். கிளெய்ம் போட்டால் 55-ம் பூஜ்யமாகிவிடும் என்று என் போனஸில் கதவு மாற்றினோம்.

மாணிக்கம்: அந்தத் தூண் முன்னால் அங்கே இல்லை.

சரோஜா: சரி. ஜிடிஐயே வாங்குங்கள். ஒரே நிபந்தனை. அது வந்த மறுநாள் காலை 5.30-க்கு நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் திருத்துகிறேன். மழைக்காலம், முன்னால் கோஸ் லோரி, பின்னால் ஹாரன் அடிக்கிற வேன். எலுமிச்சம்பழம் டேஷ்போர்டில் வைக்கிறேன்.

(மாணிக்கம் ஒரு தரம் மலை இருக்கும் திசையைப் பார்க்கிறார். வயிற்றைத் தடவிக்கொள்கிறார்.)

மாணிக்கம்: அந்த மைவி என்ன நிறம்?

சரோஜா: வெள்ளை.

மாணிக்கம்: ஸ்போர்ட் ரிம் மட்டுமாவது...

சரோஜா: முடியாது.

மாணிக்கம்: எக்ஸாஸ்ட்?

சரோஜா: பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், செப்பாங் காடிப் பந்தயத்துக்கு இல்லை.

மாணிக்கம்: அப்படியானால் சனிக்கிழமை நான் என்னதான் செய்வது?

சரோஜா: ஆலையில் ஓவர்டைம். ஆபீஸ் கிராணியிடம் பேசிவிட்டேன், தவணை முடியும் வரை உங்கள் பெயரைப் போட்டுவிட்டார்.