தீவிர ரசிகர்கள் எல்லாம் தனிமையில் வாடுபவர்களா?

"வாழ்க்கையில் யாருமற்றவர்கள்தான் தீவிர ரசிகர்களாகிறார்கள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. இது தவறு. பிரபலங்கள் மீதான எல்லை மீறிய மோகம் சிலரிடம் மனநலக் குறைவோடு சேர்ந்து காணப்படுவது உண்மைதான். அவர்களை வைத்து எல்லோரையும் பழிப்பது அநியாயம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் விளையாட்டு ரசிகர்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் உளவியலாளர் டேனியல் வான். உள்ளூர் அணியோடு ஆழமாக ஒன்றியவர்களிடம் தனிமையுணர்வு குறைவாக இருப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. அணி வென்றாலும் தோற்றாலும் அவர்களுக்குச் சேர்ந்து பேச ஆள் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பங்குகளை 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருக்கிறார்கள். ஈவுத்தொகை ஒரு காசும் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. 'இது எங்கள் அணி' என்று சொல்லிக்கொள்ளத்தான் வாங்குகிறார்கள்.