செருப்பு மாட்டும்போதா சொல்வது?

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு குரூப்பில் ஒரு தம்பியின் மெசேஜ்: "எல்லாத்தையும் ரஸ்ட்லயே எழுதிடலாம்ணா." ரஸ்ட் என்பது ஒரு புரோகிராமிங் மொழி. படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

மழைக்கு இன்னும் மூன்று வாரம்தான். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா, புளியந்தோப்பில் எந்தத் தெருவில் போக முடியாது என்று ஜனங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு சின்ன செயலி. ஆறு பேர், சம்பளம் கிடையாது, ஞாயிறு மட்டும் வேலை. இதை எந்தப் புரோகிராமிங் மொழியில் எழுதுவது என்று ஜூனிலிருந்து பேசுகிறோம். ஜூனிலிருந்து!

போன ஞாயிறு பெரம்பூரில் ஒரு மொட்டைமாடியில் மூன்று மணி நேரம் இதே பேச்சு. நாலு பேருக்குப் பைத்தான் நன்றாகத் தெரியும். ஒருத்தருக்கு ஜாவா. அந்தத் தம்பிக்கு ரஸ்ட், அதுவும் இரண்டு மாசப் பழக்கம். சரி, பைத்தான்தான் என்று எல்லாரும் தலையாட்டி, டீ குடித்து, எழுந்தாயிற்று. படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆனா பைத்தான் ஸ்லோண்ணா" என்றான். அவ்வளவுதான். ஆறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மேலே ஏறினோம். இன்னொரு ஒன்றரை மணி நேரம்!

எது ஸ்லோ, தம்பி? ஒரு தெருப் பெயர், ஒரு போட்டோ, முழங்காலா இடுப்பா என்று ஒரு வார்த்தை. இதை வாங்கி வைக்க எந்த மொழியும் போதும். ரஸ்ட் நல்ல மொழி, மெமரி தப்புகளைப் பெரும்பாலும் கம்பைல் பண்ணும்போதே, அதாவது ஓட்டுவதற்கு முன்னாடியே, பிடித்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படித் தப்புப் பிடிக்கிற அந்த பாரோ செக்கரோடு மல்லுக்கட்டிப் பழக மற்ற ஐந்து பேருக்கு எத்தனை ஞாயிறு வேண்டும்? மழை ராத்திரியில் சர்வர் படுத்துவிட்டால், நீ ஊரில் இல்லையென்றால், யார் திறந்து பார்ப்பது?

நிஜமான தலைவலியை ஒருத்தரும் பேசவில்லை. 'சென்னை' நமக்கு மூன்று எழுத்து. நீளம் கேட்டால் பைத்தான், கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக வைக்கிற யூனிகோடு குறிகளை எண்ணி 6 என்கிறது. ரஸ்ட், அவற்றைச் சேமிக்கப் பிடிக்கும் பைட்டுகளை எண்ணி 18 என்கிறது. தெருப் பெயரை இடம் தெரியாமல் வெட்டினால் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் தொங்கும். எந்த மொழியை எடுத்தாலும் அதை நாம்தான் உட்கார்ந்து சரிசெய்யணும். அதற்கு ஒரு ஞாயிறு கிடைத்ததா?

இந்த வாரமும் கூட்டமாம், அதே மொட்டைமாடியில். நான் எண்ணூரிலிருந்து வரணும். வழி நெடுக கன்டெய்னர் லாரி. பைக் நுழைய ஒரு முழம் இடமாவது விடக்கூடாதா, அய்யா?