தைராய்டை எடுக்க மாட்டார்கள்
கடலூர் அக்காவின் பாராதைராய்டு ஆபரேஷனுக்கு, 'கழுத்தை முழுசாக அறுத்து தைராய்டையே எடுத்துவிடுவார்கள், ஆயுளுக்கும் மாத்திரைதான்' என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு, இதைப் படித்துப் பயந்து தள்ளிப்போடாதீர்கள் அக்கா. தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் பொதுவாக 4 பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒன்றுதான் பெருத்துப்போய் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடுகிறது, அது எந்தப் பக்கம் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டால் 2, 3 செ.மீ. கீறலே போதும். என் பெரியம்மாவுக்குத் தழும்பு கழுத்து மடிப்போடு மடிப்பாகக் கிடக்கிறது, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சுரப்பியை எடுத்து 10 நிமிடம் கழித்து ரத்தம் எடுத்து, அந்தச் சுரப்பி சுரக்கும் ஹார்மோன் பாதிக்கு மேல் இறங்கியதா என்று பல இடங்களில் ஆபரேஷன் நடக்கும்போதே பார்ப்பார்கள், இறங்கவில்லை என்றால் மற்றவற்றையும் தேடுவார்கள். நான்கும் பெருத்திருந்தால் சரி, அது பெரிய ஆபரேஷன்தான். ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம் மாத்திரை பெரும்பாலும் கொஞ்ச நாளைக்குத்தான். சந்தேகம் இருந்தால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருக்கிறது, ஸ்கேனைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.