லீவு விட்டார்கள், எதற்கென்று சொல்லவில்லை

நாகூர் தர்கா கந்தூரிக்கு எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது, ஏழாவது படிக்கும் என் மகள் கேட்டாள், “கந்தூரின்னா என்னம்மா?” எங்கள் வீட்டிலிருந்து நாகூர் பஸ்ஸில் அரை மணி நேரம். சந்தனக்கூடு வரும், கூட்டம் ஜேஜே என்று இருக்கும், ராட்டினம் போடுவார்கள் என்றேன். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்த மண்ணில்தான் இருக்கிறேன்.

இதை எழுத வைத்தது வேறொரு சம்பவம். போன நோன்பு மாதத்தில் அவள் வகுப்பில் நடந்தது. பிற்பகல் பி.டி. பீரியட், நல்ல வெயில். மைதானத்தை நாலு ரவுண்டு ஓடச் சொல்லியிருக்கிறார் சார். ஒரு பையன் “நோன்பு சார்” என்றிருக்கிறான். “சரி, தண்ணியக் குடிச்சிட்டு ஓடு” என்றாராம். தண்ணீரும் குடிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. பையன் ஓடினான். மூன்றாவது ரவுண்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். கூடப் படிக்கிற பசங்க சுற்றி நின்று, “எச்சி முழுங்கினா நோன்பு போயிடும்டா, துப்புடா, துப்புடா” என்று கத்தியிருக்கிறார்கள். பள்ளி விடும்வரை அந்தப் பிள்ளை துப்பிக்கொண்டே இருந்திருக்கிறான். உதடு வெடித்துப் போயிருந்தது என்று என் மகள் சொன்னாள்.

அந்தப் பையனின் அம்மாவும் நானும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்கள். “ஏன் சொல்லல?” என்று கேட்டேன். “எதுக்குக்கா வம்பு. நாளைக்கு எம்புள்ளயத் தனியாப் பாப்பாங்க” என்றார். எச்சில் விழுங்கினால் நோன்பு முறியாது என்பதே அன்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சார் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரில் உதவி பெறும் பள்ளி ஒன்றில், ஐயப்பனுக்கு மாலை போட்ட பையனைச் செருப்பில்லாமல் வந்தான் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அங்கேயும் அறியாமைதான்.

“பள்ளிக்கூடத்துக்குள்ள மதத்தை விடாதீங்க” என்று உடனே சொல்வீர்கள். அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. பிள்ளைகளின் நெற்றியில் இருக்கிறது, கழுத்தில் இருக்கிறது, விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது, சரஸ்வதி பூஜைக்கு வாங்கும் பொரியில் இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் அடுத்தவர் மதத்தைப் பற்றி வாட்ஸ்அப் சொல்லித் தருகிறது. அது சொல்லித் தருவது என்னவென்று நம் எல்லாருக்குமே தெரியும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தக் குழந்தையையும் சமய வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. ஆனால் எல்லாச் சமயங்களையும் பற்றித் தெரிந்துகொள்ளும் படிப்புக்கு இந்தத் தடை இல்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாமி கும்பிடச் சொல்லித் தருவது வேறு. பக்கத்து வீட்டுக்காரர் எப்படிக் கும்பிடுகிறார் என்று சொல்லித் தருவது வேறு.

சரி, இந்த இரண்டாவதைச் சரியாகச் செய்கிறார்களா, முதலாவதற்கு நழுவுகிறார்களா என்று யார் பார்ப்பது? என் கேள்வி அதுதான்.

2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்குப் பேச வந்த ஒருவர், போன பிறவிப் பாவம்தான் இந்தப் பிறவியில் உடல் குறை என்கிற ரீதியில் பிள்ளைகள் முன்னால் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்துக் கேட்டார். அந்த ஒருவர் எழுந்திருக்காவிட்டால்? கேள்வி கேட்கும் பொறுப்பை ஒரு தனி ஆசிரியரின் துணிச்சலில் விட்டுவிடக் கூடாது.

என் சித்தி மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அவள் பிள்ளைகளின் பள்ளியில் சமயக் கல்வி ஒரு பாடம். என்ன சொல்லித் தருவது என்பதை அந்தந்த உள்ளாட்சிப் பகுதியில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். இதற்காக ஒவ்வொரு உள்ளாட்சியும் ஓர் ஆலோசனைக் குழு வைத்தே ஆக வேண்டும் என்று 1988ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அதில் நாலு தரப்பு: இங்கிலாந்துத் திருச்சபை ஒன்று, மற்ற கிறிஸ்தவப் பிரிவுகளும் பிற சமயங்களும் சேர்ந்து ஒன்று, ஆசிரியர்கள் ஒன்று, உள்ளாட்சி ஒன்று. தரப்புக்கு ஒரு ஓட்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது பாடத்திட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். கென்ட் என்ற பகுதியில், மத நம்பிக்கை இல்லாத மனிதநேயர் ஒருவரைக் குழுவில் சேர்க்க மறுத்தார்கள். அது தவறு என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதைப் படித்ததும் எனக்கு நம் டெல்டாதான் ஞாபகம் வந்தது. சாமி இல்லை என்கிற கருப்புச் சட்டைக்காரர் ஒருவராவது இல்லாத ஊர் இங்கே உண்டா? அவர்களுக்கும் இதில் இடம் வேண்டும்.

அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. மதத்துக்கு ஒரு பிரதிநிதி என்று ஆரம்பித்தால் நம் ஊரில் யார் வந்து உட்காருவார்கள்? கோயில் தர்மகர்த்தா, ஜமாஅத் தலைவர், பங்குத்தந்தை. அத்தனை பேரும் ஆண்கள். காத்தவராயனுக்கும் பிடாரிக்கும் பொங்கல் வைக்கிற காலனித் தெருவுக்காக யார் பேசுவார்கள்? தேர் தங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை என்று சொல்லக்கூடியவர் அந்த மேசையில் இல்லாவிட்டால், நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பண்பாடு பாதிப் பொய்யாகத்தான் இருக்கும்.

எனக்குப் பள்ளி மேலாண்மைக் குழு போதும். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். எங்கள் கூட்டங்களில் கழிவறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் பற்றிப் பேசுகிறோம். அவையும் முக்கியம்தான். கூடவே, வெளியிலிருந்து யார் வந்து பிள்ளைகளிடம் பேசுகிறார்கள், என்ன பேசப்போகிறார்கள் என்பதும் எங்களைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

பாடமும் தொலைவில் இல்லை. நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் நாகூர், தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேளாங்கண்ணி, திருவாரூர் போகும் வழியில் சிக்கல் சிங்காரவேலர். ஒரே நாளில் ஒரு பஸ்ஸில் மூன்றையும் பார்த்துவிடலாம். நாகூரில் பெரிய மினாரைக் கட்டிக்கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். உயரம் 131 அடி. தர்காவிலும் மொட்டை போடுகிறார்கள், மாதா கோயிலிலும் போடுகிறார்கள், முருகனுக்கும் போடுகிறார்கள். இதை நாம் சொல்ல வேண்டியதே இல்லை, பிள்ளைகளே பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். நாகையில் ஸ்ரீவிஜய அரசர் பெயரில் புத்த விகாரம் இருந்தது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்தான். இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மன்னார்குடியில் சமணர் கோயில் இருப்பது எனக்கே கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். எச்.எம். மேடம் இரண்டு தடவை படித்தார். “பிரச்சினை ஆயிடாதே?” என்று கேட்டார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளை துப்பிக்கொண்டிருந்ததே, அது பிரச்சினை இல்லையா மேடம் என்றேன். பி.டி. சாரும் அங்கேதான் இருந்தார். “எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா ஓட விட்டிருப்பேனா” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

இந்தப் பாடத்தின் முதல் வகுப்பை யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. அதுவரை வாயே திறக்காமல் இருந்த அந்தப் பையனின் அம்மா, நோன்பு என்றால் என்னவென்று நானே வந்து பிள்ளைகளிடம் சொல்கிறேன் என்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நோன்புக் கஞ்சி காய்ச்சி எடுத்துட்டு வரட்டாக்கா? எத்தனை புள்ளைங்க?” என்று கேட்டார்.

முப்பத்தொன்று என்றேன்.