"எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று சொல்வதில் உள்ள சிக்கல்

மனநலம் பற்றி யாராவது பதிவு போட்டால் கமெண்டில் வரிசையாக வந்துவிடும்: "மனசு விட்டுப் பேசுங்க", "நான் இருக்கேன், எப்ப வேணும்னாலும் கூப்பிடு". நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் மனச்சோர்வில் இருப்பவருக்கு இதைவிடச் சிரமமான வேலையைக் கொடுக்கவே முடியாது. எப்போது கூப்பிடுவது, எப்படி ஆரம்பிப்பது, அவருக்கு வேலை இருக்குமோ, நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று அத்தனை முடிவையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். முடிவெடுக்கும் தெம்பையே இந்த நோய் உறிஞ்சிவிடும். எழுந்து குளிக்கலாமா வேண்டாமா என்பதிலேயே காலைப் பொழுது போய்விடும். "நாம எல்லாருக்கும் பாரம்" என்ற நினைப்பும் நோயின் அறிகுறிதான். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு ஒருவர் போனை எடுத்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

உதவி கேட்பதை ஒரு வீரச்செயல் போலப் பேசிப் பேசியே அதைப் பெரிதாக்கிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் தயாராக நாலு வரி இருந்தால் வேலை பாதி முடிந்தது. அந்த நாலு வரியில் என்ன நடக்கிறது, எவ்வளவு நாளாக, உன்னிடம் என்ன வேண்டும், எப்போது என்ற நான்கும் இருக்க வேண்டும். இப்படி:

"மூணு வாரமா மனசு சரியில்லடா. தூக்கம் வரல, வேலையும் ஓடல. நீ எதையும் சரி பண்ண வேண்டாம், கேட்டா போதும். நாளைக்கு சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் பேசலாமா?"

இதில் மூன்றாவது வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் பதறிப்போய் அறிவுரைப் பெட்டியைத் திறந்துவிடுவார். யோகா பண்ணு, வெளியூர் போய்ட்டு வா, அவனவன் கஷ்டத்தைப் பார்... கேட்டது கிடைக்காமல், இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்ற முடிவோடு போன் வைக்கப்படும். நாலாவது வரியில் நேரம் இருப்பதால் அவர் "சரி" என்றோ "ஏழு மணிக்கு" என்றோ சொன்னால் போதும். வெறும் "பிஸியா?" என்று அனுப்பினால் "ஆமா, என்ன?" என்று வரும். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று பதில் போகும். கதை அங்கேயே முடிந்துவிடும். ஸ்டேட்டஸில் சோகப் பாட்டு வைப்பது, சிரித்துக்கொண்டே "செத்துடலாம் போல இருக்கு" என்பது, இவையும் உதவி கேட்பதுதான். ஆனால் கேட்பவருக்குப் புரியாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

யாரிடம் சொல்வது? மிக நெருங்கியவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று சட்டமில்லை. நெருங்கியவர் பயந்துபோய் அழ ஆரம்பித்தால் அவரைத் தேற்றும் வேலையும் நம் தலையில் விழும். ஒருவர் கேட்க, ஒருவர் மருத்துவரிடம் கூட வர, ஒருவர் அலுவலக வேலையைக் கொஞ்சம் தாங்க என்று பிரித்துக் கேட்கலாம். எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லத் தேவையில்லை.

காது கொடுத்துக் கேட்கிறவருக்குப் பட்டம் தேவையில்லை. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கினார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் துணையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள். அவர்களிடம் பேசியதிலேயே மனம் லேசாகிப் பலர் பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பினார்கள். அதைக் கவனித்தவர், மறு ஆண்டே கேட்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் விட்டார். அந்தச் சேவை சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது அப்படித்தான்.

கேட்கிறவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அது மறுநாள் காலை. கொட்டித் தீர்த்தவருக்கு விடிந்ததும் வெட்கம் வரும். "நேத்து ஏதோ உளறிட்டேன், விட்டுடு" என்று மெசேஜ் வரும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். "உளறல, சொன்னது நல்லதுதான். வியாழக்கிழமை நானே கூப்பிடறேன்" என்று நாளைக் குறித்துவிடுங்கள். குறித்தால் கூப்பிடவும் வேண்டும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் நாளைச் சாயங்காலம் வரை காத்திருக்கக் கூடாது. "தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அதை ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே நிம்மதி. "வருது" என்றால் ஏதாவது திட்டம் வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை எடுத்து அப்புறப்படுத்துங்கள், தனியாக விடாதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அந்த வேகம் பெரும்பாலும் ஏறி இறங்கும், அது இறங்கும்வரை கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது. இப்போது இதைப் படிப்பவருக்கே அந்த எண்ணம் இருந்தால், பதிவை இங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் ஊர் உதவி எண்ணையோ பக்கத்தில் இருப்பவரையோ கூப்பிடுங்கள். உதவி எண் சாகும் நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமானது இல்லை. லைன் கிடைக்காவிட்டால் திரும்ப அடியுங்கள். எடுத்ததும் பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, காத்திருப்பார்கள்.

இனி மருத்துவர். சோர்வோ, எதிலும் ஈடுபாடில்லாத நிலையோ 2 வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் போய்ப் பார்ப்பது நல்லது. மனச்சோர்வு எவ்வளவு என்று கணிக்க உதவும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது மட்டுமே நோயை உறுதி செய்துவிடாது. 9-வது கேள்வி சாவைப் பற்றியது, அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், உடனே யாரிடமாவது சொல்லுங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், பசி, எடை, சாப்பிடும் மருந்துகள், குடிப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. உள்ளே போனதும் "கொஞ்சம் டென்ஷன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறவர்கள் அதிகம், அந்தத் தாளை அப்படியே நீட்டினால்கூடப் போதும். ரத்தப் பரிசோதனை எழுதினால் எரிச்சல்படாதீர்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 பற்றாக்குறையாக இருந்தாலும் இதே மாதிரி இருக்கலாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் முதலில் வருவது பெரும்பாலும் பக்கவிளைவு. குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் முதல் வாரத்திலேயே வரலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய இன்னும் சில வாரம். இந்த இடைவெளியில்தான் பலர் "ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும், வீட்டில் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நன்றாக ஆனபிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். நிறுத்த வேண்டும் என்றால் மருத்துவரிடமே சொல்லுங்கள், அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அந்த மருத்துவரோடு ஒத்துவரவில்லையா, வேறொருவரைப் பாருங்கள். பழைய மருந்துச் சீட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.