அத்தை கேட்ட ஒரு மணி நேரம்

வீட்டில் ஒரு பெண் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நமக்குக் கேட்கத் தோன்றுவது இரண்டே கேள்விகள்தான். "உடம்புக்கு முடியலையா?" "யார் மேல கோபம்?" அவளுக்குக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும்போல இருக்கலாம் என்பது யார் மனதுக்கும் எட்டுவதில்லை.

மும்பை செம்பூரில் ஒற்றைப் படுக்கையறை வீடு, ஐந்து பேர். காலை ஐந்தரைக்குப் பால் வைப்பதில் ஆரம்பித்து இரவு பதினொன்றுக்கு அடுப்பு மேடை துடைக்கிற வரை யாராவது ஒருவர் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆபீஸ் ஃபோர்ட் பகுதியில். ஹார்பர் லைன் ரயிலில் லேடீஸ் பெட்டி. ஹெட்செட்டை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டால் அதுதான் எனக்கான நேரம் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். வெளிச் சத்தத்தை இன்னொரு சத்தத்தால் மூடினேன், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் போனை மேஜை டிராயரில் வைத்துவிட்டு ஹார்னிமன் சர்க்கிள் பூங்காவுக்கு நடந்தேன். இருபது நிமிஷம். மறுநாளும் போனேன். முதல் வாரம் பூராவும் கேஸ் புக் பண்ணணும், மகளுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டணும், அத்தைக்கு மாத்திரை வாங்கணும் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்து வரிசை கட்டின. அவை கலைந்து போகப் பத்து நாளாவது ஆகியிருக்கும். அப்புறம் ஒரு மதியம், எந்தக் காரணமும் இல்லாமல், அப்பாவின் ஞாபகம் வந்தது. சட்டைப்பையில் எப்போதும் மடித்து வைத்திருக்கும் வெள்ளைக் கைக்குட்டை, அதில் விபூதி வாசம். அவர் போய் ஆறு வருஷம். போன அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழ நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்த மரத்தடி பெஞ்சில்தான் அழுதேன். இருபது நிமிஷம் சும்மா இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

இதைச் சொன்னால் உடனே இமயமலை, ஆசிரமம், பத்து நாள் மௌனம் என்று பேச்சு போகும். போக முடிகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒருமுறை கன்ஹேரி குகைகளைப் போய்ப் பாருங்கள். போரிவலியில் இறங்கினால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிறது. ஒரே கரும்பாறை மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து ஆயிரம் வருஷத்துக்குப் பக்கமாகப் பௌத்தத் துறவிகள் அங்கே தங்கியிருக்கிறார்கள். பெரிய சைத்தியம் என்கிற வழிபாட்டுக் கூடத்தையும் உயரமான புத்தர் சிலையையும் பார்த்துவிட்டு எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தவை மேலே இருக்கிற சின்னக் குகைகள். வாசலில் நாலு படி, ஒரு திண்ணை, உள்ளே ஓர் ஆள் படுக்கிற அளவுக்குக் கல் மேடை, பக்கத்தில் மழைநீர் சேரப் பாறையிலேயே வெட்டிய தொட்டி. ஒரு மனிதன் தனியாக இருக்க எவ்வளவு இடம் போதும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செதுக்கியதுபோல இருக்கும். அந்த மேடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில், கல் சில்லென்று இருந்தது.

அவர்கள் ஒன்றும் மனுஷ வாடையே இல்லாத இடத்துக்கு ஓடிப்போனவர்கள் இல்லை. சோபாராவும் கல்யாணும் அந்தக் காலத்தில் வியாபாரம் கொழித்த ஊர்கள், இரண்டும் அங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. அங்குள்ள கல்வெட்டுகளில் அந்த ஊர்க்காரர்கள் குகையும் தண்ணீர்த் தொட்டியும் வெட்டிக் கொடுத்த செய்தி இருக்கிறது. கடை, கப்பல், கணக்கு என்று அலைந்தவர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள், இன்னொருவர் அமைதியாக உட்கார்வதற்காக. என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதுதான். தனியாக இருக்கும் நேரம் ஒருவர் தானாக எடுத்துக்கொள்வது மட்டும் இல்லை, மற்றவர்கள் கொடுத்தால்தான் கிடைக்கும். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் இது இன்னும் உண்மை. இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் "அம்மா" என்று கூப்பிடுவதற்கு அப்படி எந்த நேரக் கட்டுப்பாடும் கிடையாது. ஆண்கள் டீக்கடைக்கோ, பாண்டுப்பில் இருக்கிற நண்பர் வீட்டுக்கோ கிளம்பிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நம் வீடுகளில் பெண்களுக்குக் கேள்வி கேட்காமல் விட்டுவைத்த ஒரே இடம் பூஜை அலமாரிதான்.

இதை நான் அத்தையிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். தினமும் விளக்கேற்றி நாற்பது நிமிஷம் கண்ணை மூடி உட்கார்வார். அவ்வளவு பெரிய பக்தி என்று நினைத்திருந்தேன். பூங்காவில் அழுததை ஒருநாள் அவரிடம் சொன்னபோது, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சாமி கும்பிடுறது பத்து நிமிஷந்தாம்மா. மிச்ச நேரம் நான் சும்மாதான் இருப்பேன். வேற எங்க என்னைய தனியா உட்கார விடுவாங்க?" என்றார். கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்து நாற்பத்தோரு வருஷம் ஆகிறது அவருக்கு.

என் கணவரிடமும் பிள்ளைகளிடமும் பேசினேன். சண்டை எல்லாம் வரவில்லை, புரிய வைக்கத்தான் நாளானது. இப்போது சாயங்காலம் நான் வந்ததும் அரை மணி நேரம் படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும், யாரும் தட்ட மாட்டார்கள். உனக்கு எப்போது வேண்டும் என்று அத்தையிடம் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என்றார். ஒரு மணி நேரம் போதுமாம்.

போன ஞாயிறு நாங்கள் நாலு பேரும் டைமண்ட் கார்டன் பக்கம் போய்விட்டு ஐந்தரைக்குத் திரும்பினோம். விளக்குப் போடவில்லை, பூஜை அலமாரி மூடியிருந்தது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. சின்னவன் ஓடிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவன் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய் டீ வைத்தேன்.