மெமரி காட் மாற்றினால் பாட்டு இனிக்குமா?

"பழைய ஐபொட்டில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு மெமரி காட் போட்டால் பாட்டு இன்னும் துல்லியமாகக் கேட்கும்" என்று ஒரு குரல்பதிவு கிளிநொச்சிப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அப்பிள் கம்பனியின் பாட்டுக் கேட்கிற கருவிதான் ஐபொட்; கனடா மாமா தந்ததை அலுமாரிக்குள் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தக் குரல்பதிவு வந்திருக்கும். பிழையான தகவல்.

டிஸ்கில் இருந்தாலும் காட்டில் இருந்தாலும் பாட்டுக் கோப்பு ஒன்றுதான். அதை ஒலியாக்குவது போர்டில் இருக்கிற வேறொரு சிப். காட் மாற்றும்போது அதில் யாரும் கைவைப்பதில்லை.

அப்ப காசு வீணா? இல்லை. உள்ளே இருக்கிற 1.8 அங்குல டிஸ்க் சுழலுகிற சாமான். காதோடு வைத்துப் பாருங்கள்; 'டிக், டிக்' என்று விட்டுவிட்டுக் கேட்டால் அது போகப்போகிறது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிரவல் றோட்டால் மோட்டார் சைக்கிள் ஓடினால் இன்னும் கெதியாகப் போகும். காட்டில் சுழல ஒன்றுமில்லை. பற்றரியும் கூடநேரம் நிற்கும்.

ஆனால் 2007இல் வந்த ஐபொட் கிளாசிக் மொடலுக்கு 256 ஜிபி காட் வாங்காதீர்கள். அதன் சொந்த மென்பொருள் 128 ஜிபிக்கு மேல் எடுக்காது. பழைய பாட்டுகளும் தானாகக் காட்டுக்கு வராது. கொம்பியூட்டரில் ஐடியூன்ஸ் என்கிற அப்பிள் மென்பொருளால் ரீஸ்டோர் செய்து (ஐபொட்டின் மென்பொருளைப் புதிதாகப் போட்டு), பாட்டுகளைத் திரும்ப ஏற்றவேண்டும். டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே கொம்பியூட்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.